நான் நிக்கறனுங்க

எங்கள் பெண்கள் ஹைஸ்கூலில் அவருக்கு ஒரே ஒரு வேலைதான். காலையில் வீடு வீடாகப் போய்ப் பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டு வர வேண்டும். சாயங்காலம் அதே பிள்ளைகளை அதே வீடுகளில் கொண்டுபோய் விட வேண்டும். முப்பதுகளில் கோயமுத்தூரில் வயசுக்கு வந்த பெண் தனியாகத் தெருவில் நடந்து பள்ளிக்கூடம் போனால், மறுநாள் அந்த வீட்டில் பெண் எடுக்க யாரும் வரமாட்டார்கள். ஆகவே பள்ளிக்கூடத்தாரே சம்பளம் கொடுத்து இப்படி நான்கு ஆயாக்களை வைத்திருந்தார்கள். பெரிய கடைவீதிக்குப் பின்னாலிருந்த எங்கள் சந்துகளுக்கு வந்தவர் இவர்.

பெயர் தெரியாது. ஆறு வருஷத்தில் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. "ஆயா" என்போம். "நீ, வா, போ" என்றுதான் பேசுவோம். அவரோ முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், மூக்கொழுகிக்கொண்டு நிற்கும் பிள்ளையைக்கூட "ஏனுங்க அம்மணி" என்பார். எங்கள் வீடுகள் காடு தோட்டம் உள்ள வீடுகள், அவருடைய ஜனங்கள் அந்தக் காடுகளில் கூலி செய்தவர்கள், அதனால் அப்படி வழக்கம். வழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு இப்போது மனசில்லை. எழுதும்போதாவது "அவர்" என்று எழுதுகிறேன்.

ஒல்லியாக, உயரமாக இருப்பார். ரவிக்கையில்லாத வெள்ளைச் சீலை. கால் வெறுங்கால். பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஒரு கறுப்புக் குடை எப்போதும் கக்கத்தில் இருக்கும். அந்தக் குடையை அவர் தமக்காக விரித்து நான் பார்த்ததே இல்லை. மழை வந்தால் யார் தலைமயிர் நீளமோ அந்தப் பிள்ளைக்குப் பிடிப்பார். "தலை காயறதுக்குள்ள சளி புடிச்சுப்போடுமுங்க" என்பார். என் முடி எலிவால். ஆறு வருஷமும் நனைந்தேன்.

சின்ன வயசிலேயே தாலியறுத்தவர். அதனால் எந்த வீட்டு வாசலுக்கும் நேராக வந்து நிற்கமாட்டார். காலை நேரம் ஆண்கள் தொழிலுக்குக் கிளம்பும் நேரம். கிளம்பும்போது எதிரே வெள்ளைச் சீலை வந்தால் போகிற காரியம் விளங்காது என்பது ஊருக்கே தெரிந்த சட்டம். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் ஒரு மறைவு கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒரு வீட்டில் முருங்கை மரம், ஒரு வீட்டில் வண்டிக் கொட்டகைச் சுவர். எங்கள் வீட்டுக்குச் சிறுவாணிக் குழாயடி. அங்கே ஒதுங்கி நின்று என் பெயரை ஒரே ஒரு தடவை கூப்பிடுவார். இரண்டாம் தடவை கூப்பிடமாட்டார்.

நானோ சோம்பேறிகளுக்கு அரசி. குரல் கேட்ட பிறகுதான் பாவாடை நாடாவைத் தேடுவேன். நான் தங்கியிருந்த மாமா வீட்டில் அத்தை உள்ளேயிருந்து, "ஆயா, புள்ளை இப்பத்தான் தலை பின்னுது" என்று கத்துவாள். அதற்கு வரும் பதில் ஆறு வருஷமும் ஒன்றுதான்.

"அவசரமில்லீங்க. நான் நிக்கறனுங்க."

அவர் நிற்பதைப் பார்க்க வேண்டும். சுவரில் சாயமாட்டார், கால் மாற்றமாட்டார், குந்தமாட்டார். குடை கக்கத்தில், பார்வை தரையில். பிள்ளை வெளியே வந்ததும் எண்ணிக்கையில் ஒன்று சேர்த்துக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடப்பார். நாங்கள் முன்னால், அவர் பின்னால். சாயங்காலம் எங்களை விடும்போதும் அப்படித்தான். பிள்ளை உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால்தான் நகர்வார். இந்தப் பின்னால் நடக்கிற வழக்கத்தால் அவர் முகம் எனக்குச் சரியாக ஞாபகத்தில் இல்லாமலிருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். காலடிச் சத்தமும் குரலும்தான் அவர்.

முதல் பாரத்தில் நாங்கள் இருபத்திரண்டு பேர். ஆறாம் பாரத்தில் ஐந்து பேர். நடுவில் ஒவ்வொருத்தியாகக் குறைந்தோம். யாரும் பள்ளிக்கூடத்தில் வந்து சொல்லிவிட்டு நின்றதில்லை. ஒருநாள் காலையில் கூப்பிட்டால் பிள்ளை வராது. வீட்டில் யாராவது "இனி வராது, போ" என்பார்கள். மற்ற ஆயாக்கள் போய்விடுவார்கள். இவர் போகமாட்டார். மறுநாள் முருங்கை மரத்தடியை விட்டு, வாசலுக்கு நேரே, நட்ட நடுவில் வந்து நிற்பார்.

அதை நான் முதலில் பார்த்தது கமலத்தின் வீட்டில்தான். கமலம் நான்காம் பாரத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள், கணக்கில் புலி, ஜவுளிக்கடைக்காரர் மகள். பெரியவளானதும் நிறுத்திவிட்டார்கள். ஆயா அந்த வாசலுக்கு எதிரே பதினொரு நாள் நின்றார். நாங்கள் தெருமுனையில் கூட்டமாகக் காத்திருப்போம். கடைக்காரர் கதவைத் திறப்பார், வெள்ளைச் சீலையைப் பார்ப்பார், கதவை அடைப்பார். பத்தாம் நாள் மாடியிலிருந்து ஒரு அண்டா சாணித்தண்ணீர் அவர் தலையில் வந்து விழுந்தது. அவர் நகரவில்லை. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டதற்கு, "வழியில கொழா ஒடைஞ்சு போச்சுங்க" என்றார். பச்சை நிறத்தில் தண்ணீர் வரும் குழாய் எது என்று தலைமையாசிரியையும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அந்த வீடு பூட்டியிருந்தது. கமலத்தைச் சத்தியமங்கலத்துக்குக் கூட்டிப்போய்க் கல்யாணமே முடித்துவிட்டார்கள். ஆயா பூட்டைப் பார்த்துக்கொண்டு வழக்கமான நேரம் நின்றார். பிறகு எங்களிடம் வந்து, "வாங்க அம்மணி, மணியடிச்சுருவாங்க" என்றார். அன்று வழி முழுக்க எண்ணிக்கையைத் தப்பும் தவறுமாக எண்ணிக்கொண்டே வந்தார்.

எங்கள் வழியில் ஒரு ரயில்வே கேட் உண்டு. அங்கே வரும் நேரத்தில் சரியாக ஒரு மில்லின் சங்கு ஊதும். அப்போது ஊரைச் சுற்றி மாதத்துக்கு ஒரு மில் எழும்பிக்கொண்டிருந்தது. சங்கு ஊதியதும் ஆயா ஒரு கணம் நின்று, பிறகு நடப்பார். நாங்கள் கேலி செய்வோம். "ஆயாவுக்கும் மில்லுல வேலை, சங்கு கூப்புடுது பாரு" என்று நான்தான் ஒருநாள் சொன்னேன்.

"எனக்கில்லீங்க அம்மணி. என்ற புள்ளைக்குங்க" என்றார்.

அவருக்கு ஒரு மகள் இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். என் வயசாம். நூல் சுற்றுகிற இடத்தில் வேலையாம். "உன் புள்ளையை நம்ம பள்ளிக்கூடத்துக்கே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி. அவர் அதற்குக் கோபப்படவில்லை. "உங்களக் கூப்புட நான் வாரனுங்க. அவுளக் கூப்புடச் சங்கு இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். கேட் திறந்தது, நாங்கள் தண்டவாளத்தைத் தாண்டினோம். எனக்கு அந்தப் பதில் புரிய இன்னும் இரண்டு வருஷம் தேவைப்பட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் சூலூர்ப் பக்கத்துப் பெண். என் அய்யனுக்கு ஒரே பிள்ளை. மகளை ஹைஸ்கூல் முடிக்க வைக்க வேண்டும் என்று அவருக்கு என்னமோ ஒரு ஆசை. அதற்காகத்தான் பத்து வயசில் என்னைக் கோயமுத்தூரில் மாமா வீட்டில் கொண்டுவந்து விட்டார். மாமா பஞ்சுத் தரகர். நல்ல மனுஷர், ஆனால் வாய் நீளம். நான் ஐந்தாம் பாரத்தில் இருக்கும்போது அய்யன் காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு என் காரியத்திலெல்லாம் மாமா வைத்ததுதான் சட்டம்.

ஆறாம் பாரத்தில் பொங்கல் நோம்பிக்கு ஊருக்கு வந்த ஒறம்பரைகள், சொந்தக்காரர்கள்தான், ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார்கள். பவானிப் பாசனத்தில் பத்து ஏக்கர் நெல்வயல், ஒரே பையன். அவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை: தெருவில் புத்தகம் தூக்கிக்கொண்டு போகிற பெண் என்று பெயர் இருக்கக்கூடாது. மாமா நோம்பி முடிந்த கையோடு என் புத்தகங்களைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். பரீட்சைக்கு இரண்டே மாதம் இருந்தது.

"மாமா, ரெண்டு மாசந்தானுங்க" என்று அழுதேன்.

"ஆறு வருசம் படிச்சவளுக்கு ரெண்டு மாசம் படிக்காட்டி என்னொ கொறஞ்சு போகுது? ஊட்டுல இரு கண்ணு" என்றார்.

மறுநாள் காலை குழாயடியிலிருந்து என் பெயர் கேட்டது. மாமா வாசலுக்குப் போய், "இனி புள்ளை வராது. போயிரு" என்றார். அவர் போய்விட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கமலத்தின் வாசலில் நின்ற மாதிரி எனக்காகவும் நிற்பாரா என்று அன்று முழுக்க இதே நினைப்பு. சாணித்தண்ணீரும் கூடவே நினைவுக்கு வந்தது. நிற்காமல் இருந்தால்கூட அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது.

அதற்கடுத்த நாள் காலை மாமா சரிகை அங்கவஸ்திரத்தை மடித்துத் தோளில் போட்டு, சாமி கும்பிட்டு, கதவைத் திறந்தார். நேரெதிரே வெள்ளைச் சீலை.

சகுனம் சரியில்லையென்றால் அதற்கு ஒரு பரிகாரம் எங்கள் பக்கத்தில் உண்டு. உள்ளே திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்ப வேண்டும். மாமா வந்து உட்கார்ந்தார், குடித்தார், கிளம்பினார். வெள்ளைச் சீலை அங்கேயே இருந்தது. மறுபடி வந்து குடித்தார். அன்று காலை மாமா ஆறு டம்ளர் தண்ணீர் குடித்தார். ஏழாவதை அத்தை நீட்டும்போது டம்ளரைத் தட்டிவிட்டு வாசலுக்குப் போய்க் கத்தினார்.

"ஏய், முண்டச்சி! காலங்காத்தால எதுக்க வந்து நிக்கறயே, உனக்கு அறிவிருக்குதா? அக்கட்டால போ!"

"பள்ளிக்கோடத்து வேலைங்க. அம்மணிய அனுப்புனாப் போயிருவனுங்க."

"அவ வரமாட்டா!"

"அவசரமில்லீங்க. நான் நிக்கறனுங்க."

குரல் உயரவில்லை. எனக்குத் தலை பின்ன நேரமாகும்போது சொல்வாரே, அதே குரல். மற்ற பிள்ளைகள் தெருமுனையில் நின்றார்கள். மணியடிக்கும் நேரம் நெருங்கியதும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

இரண்டாம் நாள் மாமா பின்பக்கச் சந்து வழியாகப் போனார். அது நரகல் அள்ளுபவர்கள் வருகிற சந்து. சரிகை அங்கவஸ்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் அவர் போனதையும், அரை வழியில் காலை எதிலோ வைத்துவிட்டுத் திரும்பி வந்து குளித்ததையும் எங்கள் வீட்டில் நாற்பது வருஷமாகச் சொல்லிச் சிரிக்கிறோம். அன்றைக்குச் சிரிக்க ஒருவருக்கும் தைரியமில்லை. மூன்றாம் நாள் எதிர் வீட்டுக்காரர் வேறு, "ஏனுங்க தரகரே, இன்னைக்கும் யாவாரத்துக்குக் கெளம்பலீங்களா?" என்று விசாரித்தார். மாமா அங்கவஸ்திரத்தைக் கழற்றிக் கொடியில் எறிந்தார்.

"அந்தப் புள்ளையத் தாட்டி உடு" என்றார் அத்தையிடம். "மொதல்ல எனக்குப் பொழப்பு ஓடோணும்."

பரணிலிருந்து புத்தகத்தை எடுக்க நான் ஏணி தேடவில்லை. நெல் குதிர்மேல் ஏறிக் குதித்தேன். வெளியே வந்தபோது ஆயா ஏற்கெனவே குழாயடிக்கு ஒதுங்கிவிட்டார். அவர் மட்டும் அன்று போயிருந்தால் நான் யாராக ஆகியிருப்பேன் என்று இந்த வயசிலும் சில நாள் நினைத்துப் பார்ப்பேன். நெல்வயல்காரர்கள் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

இதோடு முடிந்திருந்தால் இது வெற்றிக் கதை. ஆனால் இருபது நாள் கழித்து மாமா போத்தனூர் ஜங்ஷனில் ரயிலிலிருந்து இறங்கும்போது படியில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. மூங்கில் பட்டை வைத்துக் கட்டுப்போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். வலி தாங்காமல் படுக்கையில் கிடந்து, "எல்லாம் அந்த முண்டச்சி மொகத்துல முழிச்சது" என்று தெருவுக்கே கேட்கும்படி புலம்பினார்.

குழாயடிக்கும் கேட்டிருக்கிறது. மறுநாள் என் பெயர் கேட்கவில்லை. அடுத்த வீட்டுப் பெண் வந்து, "வா, ஆயா கூப்புடுது" என்றாள். போய்ப் பார்த்தால் அவர் தெருமுனையையும் தாண்டி, எங்கள் வீடு கண்ணுக்கே தெரியாத இடத்தில், ஒரு கட்டைச் சுவருக்குப் பின்னால் நிற்கிறார். அதன்பிறகு எங்கள் வாசல் பக்கமே அவர் வரவில்லை. நான் எவ்வளவு நேரம் தலை பின்னினாலும் "நான் நிக்கறனுங்க" என்று சொல்ல யாருமில்லை. அவமானமாக இருந்ததால் சீக்கிரம் கிளம்பக் கற்றுக்கொண்டேன்.

தினமும் நடக்கும்போது பின்னாலிருந்து கேட்பார். "உங்க மாமனுக்கு இப்ப எப்புடீங்க அம்மணி?"

"தேவலை, ஆயா."

"வலி இருக்குதுங்களா?"

"ராத்திரியில இருக்குதாம்."

ஒருநாள் ரயில்வே கேட் அடைத்திருந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா விழுந்ததுக்கு நீ என்ன பண்ணுவ? மழை பெஞ்சிருந்துது, படி வழுக்குச்சு. நீ எதுக்கு அதையே நெனச்சுக்கிட்டு இருக்கற?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சேதானுங்க நின்னேன்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாமப் பண்ணியிருந்தாப் பாவமில்லீங்க. என்ற மொகம் ஆகாதுன்னு தெரியுமுங்க. தெரிஞ்சுதான் மூணு நாளு உங்க மாமனுக்கு எதுக்க கொண்டுபோயி வெச்சனுங்க. வேற எங்கிட்ட என்னங்க இருக்குது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் இதுநாள் வரை அவர் மாமாவின் மூடநம்பிக்கையை வைத்து விளையாடினார் என்று எண்ணியிருந்தேன். அப்படியில்லை. அவரும் நம்பினார். மாமாவைவிட அதிகமாக நம்பினார். ஊர் அவரிடம் ஒரு கெடுதலைக் கொடுத்து வைத்திருந்தது. அதை எங்களுக்காக மட்டும் வெளியில் எடுத்தார்.

"உன் புள்ளை தெனமும் உன் மொகத்துல முழிச்சுட்டுத்தானே மில்லுக்குப் போகுது? அதுக்கென்ன ஆகிப்போச்சு?" என்றேன். கெட்டிக்காரத்தனமாக மடக்கிவிட்டதாக எனக்கு நினைப்பு.

"அவ போறப்ப நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்குவனுங்க."

"பெத்தவளுக்கு அந்தச் சகுனமெல்லாம் கெடையாதுன்னு எங்க அத்தை சொல்லுவாங்க."

"அப்புடித்தானுங்க எல்லாருஞ் சொல்றாங்க. ஆனா மெசினுக்குள்ள போற கையி அவுளதுங்களே."

மில் சங்கு ஊதியது. அவர் வழக்கம்போல் ஒரு கணம் நின்றார். எனக்கு அந்த நிற்பின் அர்த்தம் அன்றுதான் தெரிந்தது. மகள் அந்நேரம் மெஷினண்டை போய்ச் சேர்ந்திருப்பாள். ஒரு நாளாவது மகள் வேலைக்குப் போகிற நடையை அவர் பார்த்திருக்கமாட்டார். வகுப்பில் அன்று முழுக்க எனக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

மாசிக் கடைசியில் எங்களுக்கு வழியனுப்பு விழா வைத்தார்கள். ஐந்தாம் பாரத்துப் பிள்ளைகள் கலர் காகிதம் கத்தரித்து ஹாலில் தொங்கவிட்டிருந்தார்கள். கேசரி, காராபூந்தி, எலுமிச்சை சர்பத். ஆளுக்கொரு கைக்குட்டை கொடுத்தார்கள், மூலையில் எங்கள் பெயரின் முதல் எழுத்தைப் பின்னி. தலைமையாசிரியை பேச எழுந்து, "இருபத்திரண்டு பேராக வந்தீர்கள்" என்று ஆரம்பித்தார். அடுத்த வாக்கியம் வருவதற்கு நேரமாயிற்று. நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். எனக்குக் கமலத்தின் ஞாபகம் வந்தது. அவளுக்கு யாரும் கைக்குட்டை பின்னவில்லை.

இன்னொரு விஷயமும் அன்று அறிவித்தார்கள். அடுத்த வருஷத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவர மோட்டார் பஸ் வாங்குகிறார்களாம். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பஸ் வந்தால் ஹாரன் அடிக்கும், நிற்காது, போய்விடும் என்று கை தட்டும்போது தோன்றவில்லை. பரீட்சையும் வேறொரு பள்ளிக்கூடத்தில். அங்கே அவரவர் வீட்டார்தான் கூட்டிப்போக வேண்டும். ஆகவே அன்று காலை ஆயா எங்களைக் கூப்பிட்டதுதான் கடைசி.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பழக்கம். நாங்கள் தினமும் வந்துபோவது பக்கத்திலிருந்த சின்னத் திட்டிவாசல் வழியாக. முன்பக்கத்துப் பெரிய இரும்பு கேட்டை இன்ஸ்பெக்டர் வரும்போதும், படிப்பு முடித்த வகுப்பு போகும்போதும் மட்டுமே திறப்பார்கள். அன்று சாயங்காலம் அந்தக் கேட்டைத் திறந்தார்கள். இரண்டு பக்கமும் சின்னப் பிள்ளைகள் வரிசையாக நின்று ரோஜா இதழ் போட்டார்கள். உயரப்படி நாங்கள் நடந்தோம். நான் கடைசி.

வெளியே ஜட்கா வண்டிகள் நின்றன. ஒன்றில் மாமா, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, கையில் தடியோடு. எனக்காக அவரே வந்திருந்தார்.

கேட்டைத் தாண்டும் முன் நான் ஆயாவைத் தேடினேன். வரிசையில் இல்லை. கேட்டின் ஒரு கதவு சுவரோடு ஒட்டித் திறந்திருந்தது. அதற்குப் பின்னால், கதவுக்கும் சுவருக்கும் நடுவே, வெள்ளைச் சீலை தெரிந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். அந்தக் கதவைத் திறந்தவரே அவர்தான். திறந்துவிட்டு அங்கேயே மறைந்துகொண்டார்.

"ஆயா, இந்தப் பக்கம் திரும்பு. நாங்க போறோம்."

"நல்லபடியாப் போயிட்டு வாங்க அம்மணி."

"திரும்பிச் சொல்லு."

"மாட்டனுங்க. பரிச்சைக்குப் போற புள்ளைங்க."

"எங்க மாமனுக்கு எதுக்க மூணு நாள் நின்னியே!"

சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "அது அவியளுக்குங்க. உங்களுக்கு எதுக்க நிக்கறதுக்காங்க நான் அங்க நின்னேன்?"

பின்னால் நின்ற ஆசிரியை "நட, நட" என்றார். நடந்தேன். கேட்டைத் தாண்டினேன். தெருவில் நான்கு எட்டு வைத்தேன். மாமா வண்டிக்குள் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

நின்றேன். போகிறவளுக்குத்தானே சகுனம்? வருகிறவளுக்கு ஏது? நான் வெளியே வந்தாயிற்று. இனித் திரும்பி உள்ளே போனால் நான் போகிறவள் இல்லை, வருகிறவள். ஆறு வருஷப் படிப்பில் நானாகக் கண்டுபிடித்த ஒரே விடை அதுதான் என்று நினைக்கிறேன். திரும்பி நடந்தேன்.

"கெளம்புன புள்ளை திரும்பப்படாது கண்ணு! நேரமாச்சு!" என்று மாமா கத்தினார்.

"சித்தெ நில்லுங்க மாமா" என்றேன்.

கேட்டுக்குள் வந்து, அந்தக் கதவோரமாகப் போய், அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். வாயில் வந்த வார்த்தை எனக்கே புதிது. அவரிடம் அப்படி நான் ஒருநாளும் பேசியதில்லை.

"வந்துட்டனுங்க."

வருகிற பிள்ளையின் குரலுக்குத் திரும்பிப் பழகியவர். திரும்பிவிட்டார். அன்றுதான் அந்த முகத்தை நேருக்கு நேர், வெளிச்சத்தில் பார்த்தேன். மோவாயில் மூன்று புள்ளி பச்சை குத்தியிருந்தது. இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு பழைய தழும்பு. கண் இரண்டும் சிவந்திருந்தன. நான் நினைத்ததைவிட எவ்வளவோ சின்ன வயசு. என் அத்தையைவிடச் சின்னவர். அந்த முகத்தில் கெடுதல் எதையும் நான் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், அவரும் என்னைப் பார்த்தார்.

பிறகு அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ அம்மணி, என்னங்க பண்ணிப்போட்டீங்க! இப்ப மறுக்காவும் போகோணுமே!"

"ஆமாங்க" என்றேன். "நீங்க திரும்பிக்குங்க."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் வெளியே போய் வண்டியில் ஏறினேன். ஐந்து வண்டிகளும் கிளம்பின. சின்னப் பிள்ளைகள் கலைந்துவிட்டார்கள், யாரோ ஒருத்தி உதிர்ந்த ரோஜா இதழ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் வண்டி தெருமுனை திரும்பும் வரை நான் பின்னால் பார்த்துக்கொண்டே போனேன். பெரிய கேட் திறந்தே கிடந்தது. அதை மூட வேண்டியவர் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.